டாப் கியரும் என் கையும்

இப்போது வருகிற சில பிக்கப் வண்டிகளில் கிளட்சே கிடையாதாம், கியர் தானாக மாறிக்கொள்ளுமாம். என் மருமகன் அப்படி ஒன்றை வாங்கிவிட்டுப் புலம்புகிறார். கியர் மாறும்போது வண்டி உதறுகிறது, ஏற்றத்தில் எதைப் போடுவது என்று தெரியாமல் திணறுகிறது என்று போய்ச் சொன்னால், சர்வீஸ் செய்கிற இடத்தில் டை கட்டிய ஆள், "நீங்க ஓட்டுற விதம் அப்படி சார்" என்கிறாராம். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோளாறு வண்டியில் இருக்க, ஓட்டுகிறவனின் கையைக் குற்றம் சொல்வதை எழுபதுகளிலேயே காஞ்சிபுரத்தில் நான் பார்த்தாயிற்று. அன்றைக்குக் குற்றம் சொல்லப்பட்டது என்னுடைய கை.

ராணுவத்தில் டிரைவராக இருந்தவன் நான். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளம் என்று போகிற மலைப்பாதையில் மூன்று டன் லாரி ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு தரம் மிதித்து, இன்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து போடவேண்டிய லாரி அது. பல் உரசுகிற சத்தம் வராமல் போடுவேன். ஊருக்குத் திரும்பியதும் ஒரு பட்டு வியாபாரியிடம் வேலை கிடைத்தது. அவர் புதிதாக ஒரு பிக்கப் வண்டி வாங்கியிருந்தார். சேலைக் கட்டுகளை மதராஸ் கடைகளுக்கும் வேலூர்ப் பக்கத்துக் கடைகளுக்கும் கொண்டுபோக வேண்டும். முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிய என் அப்பா, மகன் புது வண்டி ஓட்டுவதைப் பார்க்கவென்றே ஒரு நாள் ரோட்டோரம் வந்து நின்றார்.

அந்த வீட்டில் முதலாளி பெயருக்குத்தான் முதலாளி. அவருடைய அக்கா வைத்ததுதான் சட்டம். வண்டிச் சாவியை அந்த அம்மா காலையில் ஜன்னல் கட்டையில் வைப்பார்கள், நான் எடுத்துக்கொள்வேன். சாயங்காலம் நான் வைப்பேன், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கைக்குக் கை ஒரு நாளும் கொடுத்ததில்லை. நான் சேரிக்காரன், அதனால் அப்படி. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

புதிதாக எது வாங்கினாலும் அதற்குக் காப்புக் கட்டுவது அந்த வீட்டு வழக்கம். அவர்களுக்கு நெய்கிற தறி ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் பட்டு இழை, கொஞ்சம் சரிகை வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கி, மஞ்சளில் தோய்த்துக் கட்டுவார்கள். கட்டைவிரல் தடிமன் இருக்கும். வண்டிக்குப் பூஜை போட்ட அன்று அந்த அம்மா அதைக் கியர் ராடின் உச்சியில், குமிழுக்குக் கீழே கட்டினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் காப்பு ராடின் அடிக்கு இறங்கியிருந்தது. நான் பக்கத்தில் நிற்கும்போதே அந்த அம்மா தம்பியிடம் காரணம் சொன்னார்கள்:

"நாள் பூரா அவன் கை படுமேடா."

எனக்கு முகம் சுட்டது. என் வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். வண்டியை எடுத்தேன்.

அந்த வாரமே தொல்லை தொடங்கியது. டாப் கியரில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் போதும், ராடு தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். புது வண்டி, அதுவும் புதுமாதிரி கியர் பாக்ஸ், ஒரே கிளட்சில் வெண்ணெய்போல் விழும் என்று சொல்லித்தான் விற்றிருந்தார்கள். மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனோம். மேஸ்திரி பக்திமான். காப்பை அவிழ்க்காமல் ராடின் மேலே தள்ளிவைத்துவிட்டு, தரைத் தகட்டைக் கழற்றி, பெட்டியைத் திறந்து பார்த்தார். பல் எல்லாம் புதுசு, ஸ்பிரிங் புதுசு. அப்படியே போட்டுப் பார்த்தார், எல்லாக் கியரும் உட்கார்ந்தது. தகட்டை மாட்டினார், காப்பைப் பத்திரமாகப் பழைய இடத்துக்கு இறக்கினார். இரண்டாம் முறையும் இதே கதைதான். பெட்டி கல்லுமாதிரி இருக்கிறது, கைதான் சரியில்லை என்று முடித்துவிட்டார்.

முதலாளி அதைப் பிடித்துக்கொண்டார். வண்டி ஸ்டாண்டில் பத்து டிரைவர்கள் நடுவே, "ஏர் புடிச்ச பரம்பரைப்பா, கியர் எப்டி நிக்கும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு தாமல் வந்தது. வேலூர்ப் பக்கத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம், முதலாளி என் பக்கத்தில். தாமல் ஊர் ஏரிக்கரை தாண்டி ரோடு இறங்குகிற இடத்தில் கால் தளர்ந்தது, கியர் கழன்றது. முன்னால் வைக்கோல் வண்டி. பிரேக்கில் ஏறி நின்றேன். மாட்டு வண்டிக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்தது. முதலாளியின் நெற்றி டேஷ்போர்டில் இடித்துப் புடைத்துவிட்டது. நாளையிலிருந்து வேறு ஆள் என்றார். போவது அந்த வேலை மட்டுமில்லை. கை ஆகாது என்று அனுப்பப்பட்ட டிரைவரிடம் காஞ்சிபுரத்தில் எவனும் ஸ்டியரிங்கைத் தரமாட்டான். என் அப்பாவின் ஏருக்குத்தான் நான் திரும்ப வேண்டும்.

சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்தேன். இன்ஜினை அணைத்துவிட்டு ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தேன். முன்னால் தள்ளுகிற ஒன்றும் மூன்றும் இதுவரை ஒரு தடவைகூடக் கழன்றதில்லை. பின்னால் இழுக்கிற டாப்தான் கழலும், எப்போதாவது இரண்டாவதும் கழலும். முன்னால் தள்ளும்போது நல்ல கையாக இருப்பது பின்னால் இழுக்கும்போது மட்டும் கெட்டுவிடுமா? குனிந்து ராடின் அடியைப் பார்த்தேன். காப்பின் முடிச்சு பின்பக்கம் இருந்தது. மஞ்சள் காய்ந்து கட்டையாக இறுகியிருந்தது. தரைத் தகட்டில் ராடு வெளியே வருகிற ஓட்டையின் விளிம்பு பட்டுப்பட்டு அந்த இடத்தில் மட்டும் இழை தேய்ந்து பளபளத்தது. ராடு முழுக்கப் பின்னால் போகவே இல்லை, முடிச்சு தடுத்துக்கொண்டிருந்தது.

அங்கேயே அறுத்து எறிந்திருக்கலாம். நான் தொடவில்லை. யாரும் இல்லாதபோது தொட்டால் அது திருட்டுத்தனம் ஆகிவிடும். சாவியை ஜன்னலில் வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். திருடன் பட்டம் கட்டினாலும் கட்டட்டும் என்று இருந்தது.

காலையில் தெருவில் தறிக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். கஞ்சி போட்ட இழைகளைக் காயவைத்து நீவிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்க்க, நான் வண்டிக் கதவைத் திறந்து வைத்து முதலாளியைக் கூப்பிட்டேன். சாவியைக் கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா வாசற்படியில் நின்றார்கள்.

டாப்பை நீங்களே போடுங்கள் என்றேன். ஏறி உட்கார்ந்து இழுத்தார். போட்டாயிற்று என்றார். நான் குனிந்து, என் கையால், காப்பைப் பிடித்து ராடின் உச்சிக்குத் தள்ளினேன். வாசற்படியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப இழுங்க மொதலாளி."

இழுத்தார். ராடு இன்னும் ஒரு விரல்கடை பின்னால் போய் டக்கென்று உட்கார்ந்தது. அவர் கையை எடுத்துவிட்டு ராடையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கை படக் கூடாதுன்னு கீழ எறக்குனீங்க. அதான் கியர தடுத்துக்கினு இருந்துச்சு. இது மேல என் கை படுற எடத்துல இருக்கணும், இல்ல அறுத்துப் போட்டுடணும். கீழ இருந்தா நான் ஓட்ட மாட்டேன், வேற எவன் ஓட்டுனாலும் தாமல் எறக்கத்துல இதே கதிதான்."

அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். காப்பை அறுக்கக் கூடாது. அப்படியானால் அது மேலேதான் இருந்தாக வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

பாவைச் சுருட்டி வழி விட்டதும் தாமலுக்குப் போனோம். வெயில் ஏறியிருந்தது. அதே இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை முழுக்க எடுத்துவிட்டு, ராடிலிருந்து கையையும் எடுத்துவிட்டேன். இறக்கம் முடிகிற வரைக்கும் டாப் கியர் நின்றது. மேஸ்திரி சரி பண்ணிவிட்டார் என்றுதான் முதலாளி பிற்பாடு ஸ்டாண்டில் சொன்னார். நான் ஒவ்வொரு தடவையும் அவர் முன்னாலேயே, இல்லை, நான்தான் கண்டுபிடித்தேன் என்று திருத்துவேன். வாய்க்கொழுப்பு என்றார்கள். இருக்கட்டுமே.

வண்டியை வீட்டு முன் நிறுத்தியபோது வேர்வையில் காப்பின் மஞ்சள் என் உள்ளங்கை முழுக்க ஏறியிருந்தது. துடைக்கவில்லை. அந்த அம்மா வாசலில் நின்று ஜன்னல் கட்டையைக் கண்ணால் காட்டினார்கள். நான் ஜன்னல் பக்கம் போகவில்லை. சாவியை உள்ளங்கையில் வைத்து அவர்கள் முன்னால் நீட்டினேன்.

"இந்தக் கைதாம்மா ஓட்டுது."

பாவு சுருட்டினவர்கள் வீட்டு வாசல்களில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டு நின்றேன் என்று தெரியாது, தோள் வலித்தது. கையை இறக்கவில்லை. கடைசியில் அந்த அம்மா சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.