இரண்டாவது கையெழுத்து

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற அக்காவுக்கு அங்கே ‘அமெரிக்கா’ என்று பெயர். அந்த நாட்டின் ஆரம்பகால வரலாற்றை அஞ்சல் வழியில் படிக்கத் தொடங்கியதன் பலன் அது. ஐம்பத்திரண்டு வயதில் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காத வாய் இல்லை. கணவர் தவறிப்போய் ஆறு வருடம். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை, புத்தகமாவது இருக்கட்டும் என்று சேர்ந்துவிட்டாள். புத்தகம் என்ன, திரும்பப் பேசவா போகிறது!

அந்தப் பாடத்தில் சேர்ந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவர் பஸ் கண்டக்டர். இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு என்பது அந்தப் படிப்பு மையத்தின் சட்டம். பிரிட்டிஷ்காரன் போட்ட வரியை எதிர்த்து அமெரிக்கர்கள் துறைமுகத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டியது சரியா தப்பா என்று கண்டக்டரோடு மல்லுக்கட்டுகிற அந்த ஒரு மணி நேரத்தை வைத்துத்தான் அவள் வாரம் முழுவதும் ஓட்டினாள்.

கடைசி வகுப்பில் அவரவர் கட்டுரையை வாசிக்க வேண்டும். கண்டக்டரைக் காணோம். போன் போட்டாள்.

“படிப்பை விட்டுட்டேன் அக்கா. நேரமே கிடைக்கலை.”

“இன்னிக்கு மட்டும் வாங்களேன். நான் வாசிக்கிறதைக் கேட்டாப் போதும்.”

“டியூட்டில இருக்கேன் அக்கா, வெச்சிடறேன்.”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மார்க் போனால் போகட்டும். ஒரு ஜீவன் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

பேராசிரியர் பதிவேட்டை மூடப்போனார். அவள் அதை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே கண்டக்டர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள்.

“இப்ப ரெண்டு பேர் ஆச்சு சார்.”

“இது தப்பும்மா.”

“தப்புதான். உக்காருங்க சார்.”

மனிதர் ஆடிப்போய் உட்கார்ந்துவிட்டார். அவள் வாசித்தாள். சுதந்திரம் வந்த புதிதில் நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்களுக்கு ஓட்டு இருந்தது. மனைவியின் சொத்து கணவனுடையது என்பதால், கல்யாணம் ஆகாதவளும் கணவனை இழந்தவளும்தான் ஓட்டுப் போட முடிந்தது. முப்பது வருடத்தில் சட்டம் போட்டு அதையும் பறித்துவிட்டார்கள்.

“பறிச்சப்போ அந்தப் பொம்பளைங்க என்ன சொன்னாங்க?” என்றார் பேராசிரியர்.

“என்கிட்ட இருக்கிற புத்தகத்துல இல்லை சார். சொல்லியிருப்பாங்க. யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

அவர் தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

“இன்னும் நாலு பக்கம் இருக்கு சார்.”

“கொடுங்க, வீட்டுல படிச்சுக்கறேன்.”

அவள் கொடுக்கவில்லை. அவர் போன பிறகு, கண்டக்டர் வழக்கமாக உட்காரும் பெஞ்சைப் பார்த்து மீதியை வாசித்தாள். கண்டக்டர் இருந்தால் குறுக்கே பேசியிருப்பார் என்று தோன்றிய இடங்களில் கொஞ்சம் நிறுத்தி, நிறுத்தி வாசித்தாள்.