பருந்தா, கருடனா?

கண்ணுகளா, பறவைப் புத்தகம் வாங்கப் போகிறோம் என்று குதிக்கிறீர்கள். எதை வாங்குவது என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். ஒரு மனிதரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது. கல்யாணத்துக்கு முன்பு திருச்சி தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு புத்தகக் கடையில் வேலை பார்த்தேன். எட்டாவதோடு நின்றவன் நான். இங்கிலீஷ் புத்தகங்களை அட்டையைப் பார்த்துத்தான் அடையாளம் வைத்திருப்பேன். ஒருநாள் மத்தியானம் ஸ்ரீரங்கத்துப் போஸ்ட்மாஸ்டர் வேர்க்க விறுவிறுக்க வந்து, "பருந்து, கழுகு, ராஜாளி, இந்த ஜாதியெல்லாம் அடையாளம் பாக்கற புஸ்தகம் இருக்காப்பா?" என்றார்.

காத்தாடி நூலில் அடிபட்டு, தவிட்டு நிறக் குஞ்சு ஒன்று அவர் வீட்டுக் கொல்லையில் விழுந்து கிடந்ததாம். பருந்தைப் போலவே கருடனும் குஞ்சில் தவிட்டு நிறம்தான். செம்பட்டை உடம்பும் வெள்ளைத் தலையும் வளர்ந்த பிறகுதான் வரும். தெருவில் பாதிப் பேர் கருடன் என்று துளசியோடு வந்துவிட்டார்கள். மீதிப் பேர் பருந்து என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அவர் வீட்டு மாமி, "கருடன்னா இருக்கட்டும். பருந்துன்னா விளக்கேத்தறதுக்குள்ள வெளியில விட்டுடுங்கோ" என்று சொல்லிவிட்டாராம். இறக்கை ஒடிந்ததை வெளியே விட்டால் நாய் வாயில்தான் முடியும்.

நான் பெரிய புத்தகத்தை எடுத்து வைத்தேன். வழவழத் தாள், பக்கம் முழுக்கக் கலர்ப் படம். புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "எல்லாம் கல்யாண போட்டோவுக்கு உக்காந்தாப்பல இருக்கே. குஞ்சைக் காணோமே!" பிறகு ஒரு சின்னப் புத்தகம். வெறும் கறுப்புக் கோட்டுப் படங்கள். ஆனால் ஒவ்வொன்றும் பறக்கிற பறவை, கீழேயிருந்து தெரிகிறபடி. குஞ்சும் பெரியதும் அருகருகே, வால் நுனி தனியாக. "நாம அண்ணாந்துதானே பாக்கறோம்? இதைக் கட்டுப்பா."

முடிவு தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன். கொல்லை நிறையக் கூட்டம். அவர் குஞ்சின் வாலை மெல்லச் சேர்த்துப் பிடித்துப் படத்தோடு ஒட்டிப் பார்த்தார். கருடனுக்கு நுனி வட்டமாக இருக்க வேண்டும். இதற்கு நடுவில் பள்ளம். கருடன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தெருவே நமஸ்காரம் பண்ணியிருக்கும், குஞ்சும் பிழைத்திருக்கும். அந்த இங்கிலீஷைப் படித்து அவரை மறுக்க அங்கே ஆளில்லை.

"பருந்துதான்" என்றார் சத்தமாக.

"அப்போ வெளியில விட்டுடுங்கோ" என்றார் மாமி.

"பேரு தெரியத்தான் புஸ்தகம் வேணும். இறக்கை ஒடிஞ்சிருக்குன்னு தெரியப் புஸ்தகம் வேண்டாம். இது இங்கேதான் இருக்கப் போறது."

துளசியோடு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவர் என் பக்கம் திரும்பி, "மீன் கடைக்கு நான் போக முடியாது. நீ வாங்கிண்டு வரியாப்பா?" என்றார். மாமி ஒரு பழைய கூடையைக் கொண்டுவந்து குஞ்சின் பக்கத்தில் வைத்துவிட்டு, "மீன் வாடை உள்ளே வந்துதோ, நீங்களும் அதோட கூடைக்குள்ளதான் படுக்கணும்" என்றார். அதுதான் சம்மதம். நல்லதுக்குக்கூட ஒரு பொய் சொல்லாமல், உயிரையும் விட்டுக்கொடுக்காமல் இருந்த ஒருவரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இறக்கை கூடி, குஞ்சு பறந்து போன சேதியைச் சில வாரம் கழித்து அவரே கடைக்கு வந்து சொன்னார். மறுநாள் காலையில் காவிரிப் பாலத்தில் தனியாக நடந்து வந்தேன். ஒரு பருந்து தலைக்கு மேலே தாழப் போனது. கருடனைப் பார்த்தால்தான் கன்னத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். நின்று, வால் பள்ளத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டு, நான் போட்டுக்கொண்டேன்.