சப்பாத்திக் கட்டை அளவில் ஒரு கைப்பிடி

மூட்டு ஆபரேஷன் முடிந்த நான்கு மாதமாக என் மனைவி மாடி ஏறவில்லை. மொட்டை மாடியில் அவள் வளர்த்த அவரைக்கொடியும் கறிவேப்பிலையும் என் பொறுப்பில் இருந்தன. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறச் சொன்னால் மாட்டாள். ஏறினால் தானாக ஏற வேண்டுமாம், சுவரில் ஒரு கைப்பிடி இருந்தால் போதுமாம்.

எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் ஸ்டீல் குழாய்தான். எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. மரத்தில் நானே செய்கிறேன் என்று கார் இல்லாத எங்கள் கார் ஷெட்டில் இறங்கினேன். முப்பது வருடம் பம்ப்செட் பட்டறையில் லேத் ஓட்டியவனுக்கு இது ஒரு வேலையா? தேக்கை இழைத்து, உப்புத்தாள் போட்டு, அடிக்கொரு தரம் வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன். முனைக்கு முனை ஒரே தடிமன், ஐம்பது மில்லிமீட்டர். பிடித்தால் என் கைக்குள் அம்சமாக உட்கார்ந்தது. அந்த மும்முரத்தில் செடிகளை மறந்தேன். அவள் கேட்கும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றியாயிற்று என்றேன்.

சுவரில் மாட்டுவதற்கு முன் அவளைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். அவள் விரல்கள் பாதி சுற்றி நின்றுவிட்டன.

"நல்லாத்தானுங்க இருக்குது. என்ற கைக்குத்தான் பிடி கிடைக்கலீங்க."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் மேல்தான் என்று இப்போது சொல்லலாம். அன்று அவள் மேல். ஷாஃப்டை அளக்காமல் அதில் மாட்டும் ஒரு புஷ்கூடக் கடைந்ததில்லை நான். கைப்பிடிக்கு மட்டும் யார் கை என்று பார்க்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்தால் மேசை மேல் சப்பாத்திக் கட்டை கிடந்தது. இந்தத் தண்டி போதும் என்று வாசலில் நின்று சொன்னாள். அளந்தேன், முப்பத்தெட்டு மில்லிமீட்டர். மரத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது, பிழைத்தேன். மூன்று நாள் இழைத்தேன். மூன்று நாளும் வீட்டில் சப்பாத்தி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஏறினாள். பின்னாலேயே போன என்னைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டாள். பதினேழு படி. மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, இதுக்குத் தெனமும் தண்ணி ஊத்துனேன்னு சொன்னீங்களே?"

பதில் யோசித்தபடி கைப்பிடியைப் பிடித்து மெதுவாக ஏறினேன். என் கைக்கு அது ரொம்பச் சிறியது. கல்யாணத்தன்று பிடித்த அவள் கைதான். அளவு தெரிய எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.