எலியண்ணன் மறுபடி காவலுக்குப் போகிறார்

டப்பிங் ஸ்டுடியோ வட்டாரத்தில் எலியண்ணன் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்கள். ஆள் ஒன்றும் எலி மாதிரி இருக்கமாட்டார். நின்றால் வாசலே அடைபட்டுவிடும். இளவயதில் துணிக்கடை வாசலில் மைக்கைப் பிடித்து ஆள் கூப்பிட்டவர். அந்தத் தொண்டையைக் கேட்டு மயங்கித்தான் ஒரு புண்ணியவான் அவரை டப்பிங்குக்கு இழுத்து வந்தார்.

பட்டப்பெயர் வந்தது 'சுவரோரம்' என்ற வீடியோ கேமால். அதன் முதல் பாகத்தில் நாயகன் சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கி, காவலாளிகளின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உள்ளே போய் வரவேண்டும். அடிதடி கிடையாது. மாட்டினால் ஆட்டம் காலி. காவலாளிக்குக் குரல் கொடுத்தவர் நம்மவர். ஏதாவது சத்தம் கேட்டால் காவலாளி நின்று, "யாரு அங்க?" என்று கேட்பான். பதில் வராவிட்டால், "ஏதோ ஒலியா இருக்கும்" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு நகர்வான். மொழிபெயர்த்தவர் கொஞ்சம் சுத்தத் தமிழ்க்காரர். தாளில் அப்படித்தான் எழுதியிருந்தார். கண்ணாடி போட்டால் வயது தெரியும் என்று அதைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்த நம் ஆள், "ஏதோ எலியா இருக்கும்" என்று படித்துத் தள்ளிவிட்டார். ஒருவரும் கவனிக்கவில்லை.

கேம் வெளியான பிறகு பார்க்கவேண்டுமே. கப்பலில் எலி, பனிமலையில் எலி, வானத்தை முட்டும் கண்ணாடிக் கட்டடத்திலும் எலி. விளையாடியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேண்டுமென்றே கல்லை எறிந்து காவலாளியை எலி சொல்லவைத்தார்கள்.

அப்புறம் யார் கண் பட்டதோ, அடுத்தடுத்த பாகங்களில் நாயகனுக்குப் புத்தி கெட்டுவிட்டது. பதுங்குவதை விட்டுத் துப்பாக்கியைத் தூக்கினான். காவலாளிகளுக்குப் பேச ஏது நேரம்? கண்ணில் பட்ட மாத்திரத்தில் சாகவேண்டியதுதான். வருஷக்கணக்கில் எலியண்ணன் மைக் முன்னால் நின்று செத்தார். மாடியிலிருந்து விழுந்து ஒரு 'ஆ', தண்ணீரில் விழுந்து ஒரு 'ஆ', தீப்பிடித்து நீளமாக இன்னொரு 'ஆ'. செத்துச் செத்தே குடும்பத்தை நடத்தினார் என்று சொன்னால் தப்பில்லை. பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் அவர் மனைவி, "எங்க டாக்டர்கிட்ட வர்றவங்களே இந்தக் கத்து கத்தறதில்ல" என்று சொல்லிக்கொண்டே தேன் கலந்து வெந்நீர் கொடுப்பாள்.

அப்படி இருக்கையில்தான் அந்த போன் வந்தது. பேசியவள் புதிதாக வந்திருக்கும் ஒலி இயக்குநர். பள்ளிக்கூட நாளில் முதல் பாகத்தை விளையாடித் தீர்த்தவள்.

"அண்ணே, புதுப் பாகம் பழையபடி பதுங்கற ஆட்டம். துப்பாக்கியே இல்ல. காவலாளி பேசுவான், நிறையப் பேசுவான். ஒருதடவை வந்து பேசிக் காட்டறீங்களா?"

போனை வைத்தவருக்குக் கால் தரையில் பாவவில்லை. சமையலறையில் ஒரு 'யாரு அங்க', குளியலறையில் ஒரு 'யாரு அங்க'. மகள் கல்லூரிக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினால் அங்கேயும் ஒன்று. கடைசிக் காலத்தில் இன்னொரு தடவை மனிதனாக நின்று பேசிவிடவேண்டும், வெறும் சாவுச் சத்தமாக ஓய்ந்துவிடக் கூடாது என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார். அவர் பேசிக் காட்டப் போன நாளில் மனைவியும் மகளும் வேலைக்கும் கல்லூரிக்கும் லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தார்கள்.

ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்றார். எல்லாருக்கும் பிடித்த வசனம் என்பதால் எலியை மாற்றாமல் வைத்திருந்தார்கள். "யாரு அங்க? ஏதோ எலியா இருக்கும்." சொல்லி முடித்ததும் கண்ணாடித் தடுப்பே அதிர்ந்தது.

"அண்ணே, இந்தச் சத்தத்துக்கு எலி செத்துரும்" என்றாள் இயக்குநர். "அவன் தனியா நிக்கறான். யாரும் கேக்கலன்னு நெனச்சுப் பேசறான். அவ்வளவுதான்."

குரலைக் குறைத்தார். ஊரைக் கூட்டி ரகசியம் சொல்வது போல் வந்தது. மறுபடி முயன்றார். இந்தத் தடவை எலிக்குத் துணி விற்பது மாதிரி இருந்தது.

"பரவால்லண்ணே. சொல்லி அனுப்பறோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? சிவப்பு விளக்கு அணைந்தது. தடுப்புக்கு அந்தப்பக்கமும் இருட்டு. எல்லாரும் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு தாள்களைப் பொறுக்கினார்.

"நல்லாப் பேசின போ," என்று முணுமுணுத்தார். "வீட்ல ரெண்டு பேரும் வாசலையே பாத்துட்டு இருப்பாங்க. என்னன்னு சொல்றது… தொண்டை சரியில்லன்னு சொல்லிப் பாக்கலாம். அவ நம்பமாட்டா."

எங்கேயோ கரக் என்றது.

"யாரு அங்க?"

பதில் இல்லை. கொஞ்சம் பயந்தாற்போல் நின்றார்.

"ம்… நாற்காலியா இருக்கும்."

ஸ்பீக்கர் உயிர் பெற்றது. "நாற்காலி இல்லண்ணே, நாந்தான். ரெக்கார்டிங்கை இன்னும் நிறுத்தல. காலைலேர்ந்து இந்த ஆளைத்தானே தேடிட்டிருக்கேன், எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

போட்டுக் காட்டினாள். அலுத்துப்போன, வீட்டை நினைத்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதன் பேசிக்கொண்டிருந்தான். அது தன் குரல்தான் என்று நம்பவே எலியண்ணனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பிறகு எப்படிச் சொன்னாலும் சரியாக வந்தது. காவலாளி குளிரைப் பற்றிப் பேசினான், இறுக்கும் ஷூவைப் பற்றிப் புலம்பினான், கொட்டாவி விட்டான். எல்லாரும் கைதட்டினார்கள். கிளம்பும்போது இயக்குநர் வாசல் வரை வந்தாள்.

"ஒரே ஒரு விஷயம்ண்ணே. கம்பெனி அறிவிக்கற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. வீட்லகூட."

"என்னப் பத்தித் தெரியாதா?" என்றார். தெரியாததால்தான் அவளும் நம்பினாள்.

பஸ் முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு வந்தார். கதவைத் திறந்ததும் இருவரும் எதிரே நின்றார்கள்.

"என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல" என்று கூரையைப் பார்த்தார்.

மகளின் முகம் வாடிப்போனது. "கெடைக்கலையாப்பா? விடுங்கப்பா, பரவால்ல."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்த அப்பா சும்மா இருப்பார்?

"அதில்லம்மா. சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

மகள் துள்ளிக் குதித்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அத்தனை நேரம் அடக்கிவைத்த சிரிப்பு அவருக்குப் பீறிட்டுக்கொண்டு வந்தது. மனைவி ஓடிப்போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினாள்.

"மெதுவாச் சிரிங்க. தெருவுக்கே தெரிஞ்சுரப் போவுது."