பேகம்பேட்டில் அப்பா இறக்கிய விமானம்

விமானம் ஓட்ட வேண்டும் என்று அப்பாவுக்கு அப்படி ஒரு ஆசை. கண் பரிசோதனையில் நிறம் சரியாகத் தெரியவில்லை என்று சின்ன வயதிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பாதுகாப்புத் துறையில் விமான பாகங்களைச் சோதிக்கிற வேலை பார்த்தே ரிட்டயர் ஆனார். மாரெட்பள்ளி வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் கேமும் அதற்கு ஒரு ஜாய்ஸ்டிக்கும் வாங்கிக் கொடுத்தேன். அவ்வளவுதான், சாப்பிடக் கூப்பிட்டால்கூட எழுந்து வர மாட்டார்.

எதிர்வீட்டு மாமா அப்பாவோடு அதே ஆபீஸில் இருந்தவர். வாக்கிங் போகும்போதெல்லாம், "என்ன சார், இன்னிக்கு எங்க கொண்டுபோய் விழுந்தீங்க?" என்று ஒரே கிண்டல். அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை டிபனுக்கு வாங்க. உங்க கண்ணு முன்னாடி நம்ம பேகம்பேட் ஏர்போர்ட்ல இறக்கிக் காட்டறேன்" என்று சவால் விட்டுவிட்டார். மாமா சும்மா இருப்பாரா? வாக்கிங் கோஷ்டி மொத்தத்தையும் கூப்பிட்டு வைத்துவிட்டார்.

நடுவில் ஆயுத பூஜை வந்தது. அது முடிந்து சனிக்கிழமை அப்பா ஒத்திகை பார்க்க உட்கார்ந்தால், விமானம் பேய் பிடித்த மாதிரி ஆடுகிறது. குச்சியைப் பின்னால் இழுத்தால் மூக்கு மேலே தூக்க வேண்டும். அதற்குப் பதில் ஜன்னல் காட்சி சுற்றியது. வேகத்தைக் கூட்டினால் இடது பக்கம் திரும்பியது. வேறொரு கேமைப் போட்டோம். அது, டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியின் கன்ட்ரோலரை நாங்கள் வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, இல்லாத பட்டனை அழுத்தச் சொன்னது. எங்கே போய் முட்டிக்கொள்வது!

"ஹைடெக் சிட்டில அவ்வளவு பெரிய கம்பெனில வேலை பாக்கற. ஒரு குச்சிய சரி பண்ணத் தெரியலியா?" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். அடுத்தவன் எழுதின புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. ஜாய்ஸ்டிக் ஒயரைக் கம்ப்யூட்டருக்குப் பின்னால் வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தேன். அதை ஓட்டுகிற டிரைவர் சாஃப்ட்வேரைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டேன். அமெரிக்காவிலிருக்கும் தம்பி போனில், "விண்டோஸையே திரும்பப் போடு" என்றான். சொல்வதற்கென்ன, அவன் வாய் வலிக்கவா போகிறது?

ஞாயிறு காலை. அம்மா இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். அப்பா மெதுவாக என்னிடம் வந்து, "விடும்மா. கரண்ட் இல்லேன்னு சொல்லிடலாம்" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. கரண்டாவது, மண்ணாவது!

ஆபீஸில் எல்லாரையும் கேட்கிற கேள்வியை அப்பாவைக் கேட்டேன். "கடைசியா எப்ப ஒழுங்கா ஓடிச்சு?"

"பூஜைக்கு முந்தின நாள்."

"அதுக்கப்புறம் யார் தொட்டது?"

"நான் இல்லப்பா!" என்று அம்மா அடுப்படியிலிருந்தே கத்தினாள். "பூஜைல வெக்கறேன்னு உங்கப்பாதான் எடுத்துட்டுப் போனார்."

"சந்தனம் குங்குமம் வெச்சேன்" என்றார் அப்பா, பெருமையாக. "மேல வெச்சா கைல ஒட்டும் பாரு, அதான் யோசிச்சு அடில வெச்சேன்."

திருப்பிப் பார்த்தேன். பொட்டா அது? சுவருக்குப் பூசுகிற மாதிரி அப்பியிருந்தார். ஹேர்பின்னை உருவிச் சுரண்டினேன். காய்ந்த சந்தனத்துக்கு அடியில், நகத்தளவுக்கு ஒரு சுவிட்ச்! ஒரு பக்கம் தள்ளினால் கம்ப்யூட்டருக்கு, மறுபக்கம் தள்ளினால் கேம் பெட்டிக்கு. அப்பா சந்தனத்தைப் பெருவிரலால் அழுத்தி இழுத்ததில் அது கேம் பெட்டிப் பக்கம் போய் இறுகிவிட்டிருந்தது.

"அகப்பட்டீங்களா! என்னை என்ன பேச்சு பேசினீங்க!" என்று வீடே அதிரக் கத்தினேன். அப்பா சட்டென்று அம்மாவுக்கு உதவி செய்கிற மாதிரி அடுப்படிக்குள் நழுவினார். சுவிட்சைத் தள்ளி, ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினேன். திரையில் ஜாய்ஸ்டிக் தன் சொந்தப் பெயரோடு வந்து நின்றது. குச்சியை இழுத்தேன், மூக்கு தூக்கியது. தையா தக்கா என்று குதித்தேன்.

காலிங் பெல் அடித்தது.

கோஷ்டி கட்டிலிலும் நாற்காலியிலும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தது. "ஒண்ணும் அவசரமில்ல, டிபன் சாப்பிட்டே விழலாம்" என்றார் மாமா. அப்பா குச்சியைப் பிடித்தார். திரையில் ஹுசேன் சாகர் ஏரி வந்தது, வீடுகள் வந்தன, ஓடுபாதை நேராக வந்தது. சக்கரம் ஒரு தரம் தரையில் துள்ளியது, அப்புறம் சமர்த்தாக உட்கார்ந்து ஓடி நின்றது.

"அட சார், இறக்கிட்டீங்களே!" முதலில் கைதட்டியதே மாமாதான். எழுந்து வந்து நாற்காலியின் கையைப் பிடித்தார். "கொஞ்சம் நகருங்க, நானும் ஒரு ரவுண்டு போறேன்."

அப்பா நகரவே இல்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "உங்க சீட் பின்னாடி. பெல்ட்டைப் போடுங்க, கிளம்பப் போறோம்" என்றார்.

மாமா பின்னால் போய் உட்கார்ந்தார்.