வாசித்துக் காட்டாமல் வாங்கிய சம்மதம்

புது லேப்டாப்பில் வலது ஓரத்துப் பெரிய பட்டன் மட்டும் சிவந்திருந்தது. என் விரலில் இருந்த குங்குமம். எழுத்துக்காரம்மா சூடத்தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, "பெரியம்மா, என்னத்த அமுக்குனீக?" என்றாள். கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரித்திருப்பேன். மெதுவாகக் கேட்டாள். அதனால்தான் பயந்துபோனேன்.

திருச்சுழி தாலுகா ஆபீசுக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கும் கடை அவளுடையது. வயதில் என் மகளைவிடச் சின்னவள். நான் அங்கே கடையைப் பெருக்குவேன், தாள்களைக் கோத்துக் கொடுப்பேன், வரிசையில் முந்துகிறவர்களை வைவேன். கடைசி வேலைக்காகத்தான் சம்பளம் கொடுத்தாள் என்று நினைக்கிறேன். அவளிடம் ஒரு முறை உண்டு. படிக்கத் தெரியாதவர் மனுவில் பெருவிரல் வைப்பதற்கு முன், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாக வாசித்துக் காட்டுவாள். 'வாசிக்கக் கேட்டு, ஒத்துக்கொண்டு வைத்த கைரேகை' என்று கடைசியில் எழுதுவாள். பந்தல்குடி பஸ் கிளம்பிவிடும் என்று யார் குதித்தாலும் விடமாட்டாள்.

அந்த லேப்டாப்பை அருப்புக்கோட்டையில் வாங்கினாள். அதை ஓட்டுகிற சாஃப்ட்வேரைக் கம்பெனியே உள்ளே ஏற்றி, அதற்கும் சேர்த்து விலை வைத்திருந்தது. இவளோ காசில்லாமல் கிடைக்கிற வேறொன்றில் பல வருடமாக மனு அடிக்கிறவள். "எனக்கு அது வேணாம், கழிச்சுக் குடுங்க" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர், "பொத்தானப் பிச்சுட்டுச் சட்டைய மட்டும் குடுன்னு கேக்குறீகளேம்மா" என்றாராம். ஆனால் லேப்டாப்பை முதலில் திறந்ததும் வரும் ஆங்கில நிபந்தனைகளில் ஒரு வரி இருப்பது இவளுக்குத் தெரியும். ஒத்துக்கொள்ளாதவர்கள் சாஃப்ட்வேரைத் திருப்பிக் கொடுத்து அதன் விலையைக் கேட்கலாம். அந்தப் பணம் என்னுடைய இரண்டு மாதச் சம்பளம்.

எங்கள் பக்கம் கொத்தமல்லி விதைக்கும்போது முதல் விதை கைராசிக்காரர் கையால் விழவேண்டும் என்பார்கள். எனக்கு அந்த ராசி உண்டென்று நானே ஊரில் பரப்பி வைத்திருந்தேன். எழுத்துக்காரம்மாவும் லேப்டாப்பை என்னைத்தான் தொடங்கி வைக்கச் சொன்னாள். தொடங்கி வைத்தேன். திரை நிறைய ஆங்கிலம் வந்தது. அவள் ஒரு வரி விடாமல் படித்து முடித்தாள். கீழே ஒத்துக்கொள், மறு என்று இரண்டு கட்டங்கள் இருந்திருக்கின்றன. மறுப்பதற்கு முன் சூடம் காட்டிவிடலாம் என்று தட்டை எடுக்க உள்ளே போனாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கட்டம் நீலமாக மின்னியதுதான். ராசியான கை பாதியில் நிற்கலாமா? பெரிய பட்டனை அழுத்தினேன். அதுதான் 'ஒத்துக்கொள்'.

லேப்டாப் கடைக்காரரே போனில் வழி சொன்னார்: "அமுக்கவே இல்லைன்னு எழுதிருங்கம்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

"நான் எழுதுறத நம்பித்தான் அம்புட்டுப் பேரும் விரல் வைக்காக. எனக்குன்னு ஒரு பொய் எழுதிட்டு நாளைக்கு அவுக மூஞ்சியில எப்படி முழிப்பேன்?" என்று போனை வைத்துவிட்டாள்.

"என் சம்பளத்துல பிடிச்சுக்க தாயி" என்றேன்.

"உங்ககிட்டப் பிடிச்சா கம்பெனிக்காரவுக செஞ்சது சரியாயிருமா? பேசாம இருங்க."

பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கும் தெரியும். கம்பெனிக்குப் போன் போட்டால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும். "ஒண்ண அமுக்குனதுக்கே இந்தப் பாடு, இன்னும் அமுக்கச் சொல்றாளே" என்றேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கடிதம் போட்டாள். ஒத்துக்கொண்ட பிறகு பணம் கிடையாது என்று இரண்டுக்கும் பதில் வந்தது. அதுவரைக்கும் புது லேப்டாப்பை அவள் தொடவே இல்லை. பழைய கம்ப்யூட்டரோ நடுவில் அணைந்து, அடித்த மனுவை விழுங்கிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து அடிப்பாள்.

மூன்றாவது கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதினாள். பட்டனை அழுத்தியது என் கடையில் வேலை பார்க்கும் இவர். இவருக்கு ஆங்கிலம் தெரியாது. வாசித்துக் காட்டாமல் வாங்கிய கைரேகை எங்கள் மேசையில் செல்லாது. உங்கள் திரை இவருக்கு ஒரு வரியும் வாசித்துக் காட்டவில்லை. வாங்கியவள் நான், நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நகலை நுகர்வோர் கோர்ட்டுக்கு அனுப்புவேன் என்றும் சேர்த்தாள். "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்கிறத இங்கிலீஷ்லயே எழுதிட்டியே" என்றேன். அப்போதுதான், மூன்று மாதம் கழித்து, சிரித்தாள்.

பதில் வந்தது. பணம் தருகிறோம், வாங்கியவரும் பட்டனை அழுத்தியவரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று இரண்டு பக்கம். வரிசையை நிறுத்திவிட்டு, என்னை மனுக்காரர் ஸ்டூலில் உட்காரவைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். "ஒத்துக்கிறீகளா?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். தலையாட்டிக்கொண்டே வந்தேன். கடைசி வரி, இந்த விஷயத்தை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது என்பது.

"இத ஒத்துக்க மாட்டேன்" என்றேன்.

"பணம் வராமப் போகும் பெரியம்மா."

"அன்னைக்கு என்னைய யாரும் கேக்கல. நீ கேட்ட, சொல்லிட்டேன்."

வரிசையில் நின்ற, வீரசோழன் ஊர்க்காரப் பாய், "இந்தம்மா வாய மூடணும்னா பணம் பத்தாதுன்னு எழுதுங்கம்மா" என்றார். எழுத்துக்காரம்மா ஸ்கேலை வைத்து அந்த வரியை நேராக அடித்தாள். 'வாசிக்கக் கேட்டு, இவ்வரி நீங்கலாக ஒத்துக்கொள்ளப்பட்டது' என்று பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினாள்.

பணம் வந்துவிட்டது. இப்போது மூட்டு வலியால் நான் கடை வேலைக்குப் போவதில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் போன்கூட நாளுக்கு நாலு தடவை எதையாவது ஒத்துக்கொள்ளச் சொல்கிறது. அதைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன், அவள் வாசித்துக் காட்டட்டும் என்று. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்தாலும் சரி, திருச்சுழி வருவதற்குள் அந்த அடித்த வரியைப் பற்றி முழுவதும் சொல்லி முடித்துவிடுகிறேன்.