நம்பாதவள் கையில் மருந்து

பிலோமினா மிஸ்ஸி போய்விட்டார் என்று தண்ணீரூற்றுக் கிராமத்திலிருந்து அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது, "நோவில்லாமலோ போனவா?" என்றுதான் முதலில் கேட்டேன். "ஓம், நித்திரையிலை போனவா" என்றார். நான் நம்பவில்லை. செத்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அவரை அறிந்து, இன்று நினைவுகூரும் உங்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். சந்தையில் நிறுத்து வாங்கிய மீனை வீட்டில் மறுபடியும் நிறுத்துப் பார்க்கிறவள் நான். நோயாளிகளை வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் தாதியான மிஸ்ஸி, முதன்முதலில் முல்லைத்தீவுக் கரையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது படலையைப் பாதிதான் திறந்தேன். "வீட்டிலை ஆரார் இருக்கிறியள்? வெளிநாட்டிலை ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் போர்க்காலத்திலும் பிறகும் இந்தக் கேள்விகளோடு யார் யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். படுக்கையில் கிடந்த என் தகப்பனார் ஐயாவைக் கடைசியாகப் பார்க்க யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று அறியத்தான் கேட்டாராம். அதையும் நான் உடனே நம்பிவிடவில்லை.

ஊரில் வேறொரு கதையும் இருந்தது. மிஸ்ஸி மருந்தோடு போன வீட்டில் பிறகு செத்தவீட்டுப் பந்தல்தான் போடுவார்கள் என்று. ஐயா கடலுக்குப் போன மனுசன். புற்றுநோய் முதுகெலும்புக்கு ஏறி, புரண்டு படுக்கவும் முடியாமல் கிடந்தார். மோர்பின் போத்தலைக் கண்டதும் நேரே கேட்டேன்.

"இது ஆளை முடிக்கிற மருந்தோ?"

"அளவாக் குடுத்தால் நோவைக் குறைக்கும். கண்டபடி குடுத்தால் ஆபத்து" என்றார், கொஞ்சமும் கோபப்படாமல். பிறகு அம்மாவிடம் திரும்பி, எல்லா வீட்டிலும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "இந்த வீட்டிலை ஒருத்தரையும் நம்பாத ஆள் ஆர்?"

அம்மா யோசிக்கவே இல்லை. "உவள்தான். என்னையே நம்பமாட்டாள்."

"அப்ப மருந்து இவாவின்ரை கையிலை. நம்புற ஆக்கள் முனகலைக் கேட்டவுடனை ஊத்திக் குடுத்துப்போடுவினம். இவா போத்தலைத் திருப்பித் திருப்பிப் பாப்பா."

அப்படியே நடந்தது. ஐயா துடித்தபோது, சற்று முன் கொடுத்த மருந்தையே அம்மா மறுபடியும் ஊற்றப் போனார். போத்தலைப் பறித்துக்கொண்டு மிஸ்ஸியை அழைத்தேன். வந்தார், டொக்டரிடம் கேட்டு அளவை மாற்றினார். "நோ இருக்கோ எண்டு வாயைக் கேக்காதேங்கோ, அது பொய் சொல்லும். நெத்தியைப் பாருங்கோ" என்றார். மறுநாள் ஐயாவின் நெற்றிச் சுருக்கம் விட்டிருந்தது. தலையணையில் சாய்ந்திருந்து, "ஆரடி என்ரை வலையை இப்பிடிச் சிக்கலாக்கி வைச்சது?" என்று ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டு அம்மா சந்தோசத்தில் அழுதார்.

தண்ணீரூற்றுக்குப் போனேன். பெட்டியில் கிடந்த மிஸ்ஸியின் நெற்றியைத்தான் பார்த்தேன். சுருக்கமில்லை. ஆனால் உயிர் போனபின் எந்த முகமும் தளர்ந்துவிடுமே என்றது என் சந்தேகப் புத்தி. அப்போது, அவரைக் கடைசிவரை பராமரித்த தாதி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கரையிலை இருக்கிற அக்கா நீங்கள்தானே? நீங்கள் நம்பமாட்டியள் எண்டு மிஸ்ஸி சொன்னவா. கேட்டு முடியுமட்டும் பதில் சொல்லச் சொன்னவா. கேளுங்கோ."

எல்லாம் கேட்டேன். எந்த மருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது, நெற்றி எப்படி இருந்தது. ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். கேள்விகள் தீர்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நெற்றி பார்க்கும் பழக்கம். சந்தேகப் புத்தி முன்பே என்னிடம் இருந்தது. அதுவும் ஒரு உயிருக்கு உதவும் என்று சொன்ன ஒரே மனுஷி அவர். வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.